அரம் படாத மணி

எட்டாம் வகுப்பில் ஒருநாள் கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், நாம சொன்னதை எல்லாரும் கேட்கிற மாதிரி ஒரு மந்திரம் இருந்தா நீங்க கத்துக்குவீங்களா?" மாட்டேன் என்றேன். "ஏன் டீச்சர்?" என்றாள். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. எனக்குச் சரியான பதில் வரவில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. அதுவும் என் மூளையிலிருந்து வரவில்லை, தபாலில் வந்தது.

எங்கள் குடும்பத் தொழில் மணி வார்ப்பது. நான் பிறந்த ஊரில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில், மூடுபனி இறங்கினால் படகு நகராது. மணியை அடித்தால்தான் பனி விலகி வழி விடும். அச்சிலிருந்து எடுத்த மணிக்கு நாக்கு கட்டுவதற்கு முன்பு அதன் விளிம்பில் அரத்தால் ஒரு கீறல் போட வேண்டும் என்பது பட்டறையின் சட்டம். போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அப்பாவுக்குப் பின் பட்டறையைத் தம்பி பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஒரே மகள். தாயில்லாமல் வளர்ந்தவள். எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்வதால் வீட்டில் அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். தம்பி எனக்கு எழுதும் கடிதத்தின் ஓரத்தில் நாலு வரி சேர்க்காமல் விடமாட்டாள்.

இரண்டு பேரும் சம்மதித்ததால் இந்தக் கடிதங்களை இங்கே தருகிறேன். அவள் மட்டும், தன் கையெழுத்தைக் குறை சொன்ன இடத்தை எடுத்துவிடச் சொன்னாள். நான் எடுக்கவில்லை.

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்குக் கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்களா?

நேற்று பட்டறையில் ஒரு உயிர் தப்பியது. வெண்கலம் உருக்கும் பானையைத் தூக்கும் சங்கிலி அறுந்துவிட்டது. கீழே நம் முணுமுணுப்பு அண்ணன் குனிந்து அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காது எப்படி என்று உனக்குத் தெரியும். கத்தினால் திரும்பி, "என்னப்பா?" என்று கேட்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். என் கையில் புதிதாக வார்த்த ஒரு கைமணி. அவசரத்தில் அரம் போடுவதற்கு முன்பே யாரோ நாக்கைக் கட்டிவிட்டார்கள். திட்டலாம் என்று கையில் எடுத்திருந்தேன். பதற்றத்தில் அதை ஆட்டி, "விலகு" என்றேன். அவர் மட்டுமல்ல, பட்டறையில் இருந்த எல்லாரும் ஒரே நொடியில், ஒரே பக்கமாக விலகினார்கள்.

அப்பா பேச்சை மாற்றியது இதற்காகத்தான் போலிருக்கிறது. கீறிய மணி பனியை நகர்த்தும். கீறாத மணி மனிதரை நகர்த்தும். எதுவானால் என்ன, ஒரு குடும்பம் பிழைத்தது. தெய்வத்துக்கு நன்றி.

உன் தம்பி

(ஓரத்தில்) அத்தை, நானும் விலகினேன். எனக்குப் பிடிக்கவில்லை. காலை யாரோ கடன் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அப்பா அந்த மணியை இன்னும் அராவாமல் அலமாரியில் வைத்திருக்கிறார், ஏன் என்று கேட்டுச் சொல்லுங்கள். கடலாழம் அளக்கும் கப்பலில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சரிக்குச் சரி. – எ.க.

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் படித்ததும் முதலில் கும்பிட்டேன். முணுமுணுப்பு அண்ணன் நம்மைத் தூக்கி வளர்த்தவர். அவருக்கு என் அன்பைச் சொல். சத்தமாகச் சொல்.

என் முழங்கால் இப்போது நல்ல பேச்சுக்குக் கட்டுப்படுகிறது. உன் அத்தானுக்கு அடுத்த மாதம் அறுவை.

ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது, அந்த மணியின் வேலை முடிந்தது. அரத்தை எடுத்து ஒரு கீறல் போட்டுவிடு. எதிர்க்கட்சியின் வரிகள் வழக்கம்போல மேலே ஏறி, கடிதத்தின் தலையில் போய் முட்டி நிற்கின்றன. என் வகுப்பில் இருந்தால் கோடு போட்ட தாளில்தான் எழுதவிடுவேன். கப்பல் விஷயம் என்ன ஆயிற்று?

அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். அத்தானின் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தந்தி கிடைத்தது. நிம்மதி.

பட்டறை இப்போது ஒழுங்காக நடக்கிறது. காலையில் ஒரு முறை மணியை ஆட்டி நேரத்துக்கு வரச் சொன்னேன். அதிலிருந்து யாரும் தாமதமாக வருவதில்லை. வருஷக்கணக்காகச் சுவருக்குச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் இப்போது ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்கிறார்கள். முணுமுணுப்பு அண்ணன் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். நான் யாருக்காவது கெடுதல் செய்தேனா, நீயே சொல்.

உன் தம்பி

(ஓரத்தில்) அத்தை, அப்பா இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை, ஆட்டுகிறார். நேற்று பூனையை நாற்காலியிலிருந்து இறங்கச் சொல்லவும் மணியைத்தான் எடுத்தார். அது மட்டும் இறங்கவில்லை. அதற்கு நான் பால் ஊற்றினேன். அவர் கை அலமாரிப் பக்கம் போனாலே நான் தெருவுக்கு ஓடிவிடுகிறேன். கப்பலில் வேலை கிடைத்துவிட்டது! ஜூலையில் சேர வேண்டும். முணுமுணுப்பு தாத்தா என்னிடமும் ஒன்றும் குறை சொல்வதில்லை. அது சரியில்லை அத்தை. – எ.க.

*

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். கால் தேறுகிறது, வாய்தான் திறக்கமாட்டேன் என்கிறது. சாப்பாடு வேண்டாம், மருந்து வேண்டாம். நானும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கெடுதல் செய்தேனா என்று கேட்டிருக்கிறாய். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். அவர் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். நாங்கள் எல்லாரும் பொறாமைப்பட்டோம். ஒரு வருஷம் அவர் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டார். வகுப்பில் பாதிப் பேருக்குத் தப்பு என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரீட்சையில் வகுப்பு முழுவதும் அதே தப்பைப் போட்டது. நல்ல மனிதர் தம்பி, ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. ஆனாலும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அரத்தை எடு. எதிர்க்கட்சிக்கு என் வாழ்த்து. கப்பலில் குளிரும், கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்திருக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கும் அவ்விதமே என நம்புகிறேன்.

கம்பளிச் சட்டை இப்போது தேவைப்படாது. அவள் கப்பலுக்குப் போகவில்லை என்று முடிவு செய்துவிட்டாள். பட்டறையிலேயே என்னோடு வேலை பார்க்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது.

அத்தான் சாப்பிட மறுப்பதாக எழுதியிருந்தாய். ஒரு சிறிய மணி வார்த்து அனுப்பியிருக்கிறேன். அரம் போடவில்லை. ஒரே ஒரு முறை ஆட்டு. ஒருவர் நன்மைக்காகச் செய்வதில் தவறில்லை.

தம்பி

(கீழே) அன்புள்ள அத்தைக்கு, நலம். அப்பா சொல்வது சரி. நான் போகவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன்.

*

ஜூலை 2

தம்பி,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எத்தனையோ வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால், பெயரை மறைத்துக் கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அவள் எழுதிய நாலு வரியும் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கின்றன. ஓரத்தில் எழுதவில்லை, கீழே எழுதியிருக்கிறாள். எதிர்க்கட்சி என்று கையெழுத்துப் போடவில்லை. பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் தானாக முடிவு செய்தாள் என்று நீயும் எழுதவில்லை, கவனித்தாயா? 'முடிவு செய்துவிட்டாள்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். உனக்குப் பொய் எழுத வரவில்லை. அதற்கு நன்றி.

அவள் முன்னால் மணியை ஆட்டினாயா?

நீ அனுப்பிய மணி வந்தது. மறைக்க மாட்டேன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு உன் அத்தான் கட்டில் பக்கத்தில் நின்றேன். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். ஆட்டிவிடத்தான் ஆசையாக இருந்தது. பிறகு அதன் நாக்கில் துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு, தெருமுனையில் கத்தி சாணை பிடிப்பவரிடம் போய் விளிம்பில் ஒரு கீறல் போடச் சொன்னேன். "நல்ல மணியை ஏம்மா கெடுக்கறீங்க?" என்று வருத்தப்பட்டார்.

திரும்பி வந்து உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: "நீ ஆட்டியிருந்தா நான் சாப்பிட்டிருப்பேன். ஆனா அப்புறம் இந்த வீட்ல நீ யார்கூடப் பேசுவே?"

சோறு அன்றைக்கும் அப்படியேதான் இருந்தது. மறுநாள் மத்தியானம் அவராகவே, "சூடா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அடுப்படியில் போய் அழுதுவிட்டு எடுத்து வந்தேன்.

இப்போது கேட்கிறேன். நீ நலமா?

அக்கா

*

ஆகஸ்ட் 11

தம்பி,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் அத்தான் வாசல் வரை நடக்கிறார். வழியெல்லாம் என்னைக் குறை சொல்லிக்கொண்டே நடக்கிறார்.

கிளம்பி வந்துவிடலாம் என்று பெட்டி கட்டினேன். பிறகு அவிழ்த்துவிட்டேன். உன் வாசலில் கால் வைத்ததும் நீ மணியை ஆட்டினால் நானும், "சரி தம்பி, நீ செய்வதெல்லாம் நியாயம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகமாக அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன். உன்னைத் திட்டுவதற்கு உலகத்தில் ஒருத்தியாவது மிச்சம் இருக்க வேண்டும். அதனால் நான் வரமாட்டேன். தாளில் எழுதினால் உன் மணியால் என்ன செய்ய முடியும்?

கம்பளிச் சட்டையைப் பின்னி முடித்துவிட்டேன்.

அக்கா

*

செப்டம்பர் 19

அக்கா,

நலமாக இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிறோம், எல்லாரும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆட்டினேன். "நீ போக வேண்டாம், சந்தோஷமா இரு" என்றேன். அவளை அழவிடக் கூடாது என்றுதான் இரண்டாவதையும் சேர்த்தேன். அவள் அழவில்லை. அன்றிலிருந்து ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. குழம்பில் உப்பே போடாமல் வைத்தாலும் நன்றாக இருக்கிறது என்றாள். நான் வேண்டுமென்றே போடாமல் வைத்துப் பார்த்தேன்.

போன வாரம் துறைமுகத்தின் பெரிய மணியை வார்க்க வேண்டியிருந்தது. இந்தப் பட்டறையில் இதுவரை வார்க்காத அளவு. காலையிலேயே கைமணியை ஆட்டி, "சொன்னதை மட்டும் செய்யுங்க, பேச்சு வேண்டாம்" என்றேன். முந்தின நாள் மழையில் கூரை ஒழுகி அச்சு நனைந்திருக்கிறது. ஈர அச்சில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் அப்பாவின் முதுகில் அது வெடித்துத் தெறித்த தழும்பைப் பார்த்திருக்கிறாய். "ஊற்றுங்க" என்றேன். பானையைச் சாய்க்கும் கம்பியை அவள் பிடித்திருந்தாள், அச்சுக்கு மிக அருகில். பானை சாய ஆரம்பித்த நேரத்தில் அச்சின் காற்றுத் துளையில் நூல் போல ஆவி எழுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள்.

"அச்சு ஈரம்னு யாருக்கும் தெரியலையா?" என்றேன்.

"தெரியும்" என்றார் முணுமுணுப்பு அண்ணன்.

"ஏன் சொல்லலை?"

"பேச்சு வேண்டாம்னீங்க."

நான் அவளைப் பார்த்தேன். "உனக்கும் தெரியுமாம்மா?"

"தெரியும்ப்பா" என்றாள். கம்பியைப் பிடித்தபடி சிரித்த முகமாக நின்றாள்.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மணியையும் அரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆட்டியவன் கையாலேயே கீறினால்தான் மந்திரக் கட்டு விடும் என்று எனக்குப் பட்டது. கை போகவில்லை அக்கா. கீறிய மறுநொடியே எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்று இருந்தது. அப்போது ஒரு யோசனை வந்தது. கடைசியாக ஒரே ஒரு தடவை ஆட்டி, "என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் கீறலாம். அதற்குள் எல்லாரும் மன்னித்திருப்பார்கள். நல்ல யோசனை என்றே பட்டது. மணியைக் கையில் எடுத்தும் விட்டேன். அந்த இடத்தில்தான் எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது. பக்கத்தில் உன் ஆகஸ்ட் மாதக் கடிதம் பிரிக்காமல் கிடந்தது. திட்டத்தான் எழுதியிருப்பாய் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்துப் படித்தேன். பிறகு கீறினேன்.

முற்றத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முணுமுணுப்பு அண்ணன் மார்ச் மாதத்திலிருந்து விட்டுப்போனதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். கூரை ஓட்டில் தொடங்கி என் வளர்ப்பு வரை வந்தார். பக்கத்து வீட்டில் சுவர்ச் சண்டை மறுபடி கேட்டது. கேட்கக் கேட்க எனக்கு மழை பெய்கிற மாதிரி இருந்தது.

அவள் மட்டும் அந்தக் கூச்சலில் சேரவில்லை. என் முன்னால் வந்து நின்று, "ஏம்ப்பா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டாள். கப்பல் ஜூலையிலேயே போய்விட்டது என்று அவளுக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை.

தம்பி

*

அக்டோபர் 30

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். மாமா நடப்பதாக அப்பா சொல்லியனுப்பினார். மாமாவுக்கு என் முத்தம், உங்கள் முழங்காலுக்கும் ஒன்று.

துறைமுகத்தில் கயிறு பின்னும் வேலை கிடைத்தது. கப்பல் போன வாரம் திரும்பி வந்தது. மாலுமித் தலைவியிடம் போய் நின்றேன். "சேர வேண்டிய நேரத்துல எங்க போனே?" என்றார். "வீட்டுல இருந்தேன், ஆனா நான் இல்லை" என்றேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டு, அடுத்த பயணத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டார்.

அது எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நானே சொல்கிறேன். வலிக்கவில்லை அத்தை. அடைத்து வைத்த மாதிரியும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. அந்தச் சந்தோஷம் என்னுடையது இல்லை. இப்போது எது வந்தாலும், கோபமோ சிரிப்போ, இது என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நீங்கள் எழுதவில்லை. நன்றி. என் நேரான நாலு வரியை நம்பாமல் இருந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என் கோணல் எழுத்தை ஞாபகம் வைத்திருக்க ஒரு ஆள் இருந்திருக்கிறார்.

கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. கை நீளம், நிறம் மோசம். போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எதிர்க்கட்சி

*

டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன்னையும் அத்தானையும் பார்க்க ஆசையாக இருக்கிறது. தைரியமாக வரலாம். பட்டறையில் அரம் படாத மணி இப்போது ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் முணுமுணுப்பு அண்ணனைக் கேள், அவர்தான் இப்போது ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கிறார். துறைமுக மணியையும் வார்த்து முடித்தோம். அச்சைக் காயவைக்கும் விஷயத்தில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லி என்னைப் பைத்தியமாக்கிவிட்டார்கள்.

அவள் கப்பல் ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தாள். பூனையைப் பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் உப்பு அதிகம் என்றாள். பெரிதாக எதுவும் பேசவில்லை. அவள் கேட்ட அந்த 'ஏம்ப்பா'வுக்கு மட்டும் பதில் சொன்னேன்: "நீ போயிட்டா நான் தனியா இருப்பேன்னு பயம். அதை உங்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு." "அதைச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

கிளம்பும்போது வாசலில், "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்" என்று கேட்டேன். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"முடியாதுப்பா" என்றாள்.

அக்கா, அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. நன்றி என்றேன். "எதுக்கு?" என்றாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். போகிறாள் என்று வருத்தம்தான். ஆனால் போகிறவள் என் மகள்தான்.

உன் தம்பி

*

கடிதங்கள் இவ்வளவுதான். இன்று உங்கள் வீட்டில் யாரிடமாவது ஒரு சின்ன உதவி கேட்டுப் பாருங்கள். "முடியாது" என்று பதில் வந்தால், காரணம் கேட்காமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.